கிறிஸ்தவக் கம்பர்

பக்தி விளைந்த நாடு

பொதியமலையிலே பிறந்து, பொருநை என்னும் தாமிரவருணி பாய்ந்து வளஞ்செய்யும் நாடு நெல்லை நாடு. ஆற்றங்கரையிலே நெல்லும் வாழையும் செழித்து வளரும். வடக்கே, சங்கரன்கோயில், திருவேங்கடம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த கரிசல் நிலத்திலே பருத்தியும் கம்பும் சோளமும் விளையும். நிலத்தின் இயல்பு இடத்துக்கிடம் மாறினும், அந்நாட்டு மக்களின் உள்ளத்திலே தொன்றுதொட்டு விளைந்துவரும் பயிர் ஒன்று உண்டு. அதுவே பக்தி என்னும் பயிராகும்.

சங்கரன்கோயிலிலே அரியும் அரனும் ஒரே திருமேனியில் அமைந்து, சங்கரநாராயணர் என்னும் பெயரோடு விளங்குகின்றனர். திருவேங்கடம் என்னும் ஊரின் பெயரோ தமிழகத்தின் வடவெல்லையாகிய வேங்கட மலையை நினைவூட்டுவது. அம்மலையைப் பாடிய குலசேகர ஆழ்வார் முடியுடை மன்னர். ஆயினும் அவர் விரும்பியது அரச வாழ்வு அன்று. மலைச்சுனையில் ஒரு மீனாகவோ, கோயில் வாயிலில் ஒரு படியாகவோ கிடக்கும் பேறே தமக்குப் போதும் என்று அவர் வேண்டினார். இறைவன் திருமுன்னே எவ்வளவு தாழ்ந்து நிற்க இயலுமோ அவ்வளவு தாழ்ந்து நிற்பதே அடியார்க்கு உயர்வு என்பது தமிழ் நாட்டுப் பக்திநெறியின் உயிர்நாடியாகும்.

இந்த நெறி ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதன்று. பொருநைக் கரையிலே, ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் தோன்றினார். எட்டயபுரத்திலே வாழ்ந்த உமறுப்புலவர் சீறாப்புராணத்தைப் பாடினார். 1774ஆம் ஆண்டில் நெல்லையிலே பிறந்த வேதநாயக சாஸ்திரியார் தஞ்சைக்குச் சென்று, கிறிஸ்து பெருமானைப் பாடிப் புகழ்பெற்றார். இவ்வரிசையிலே வைத்து எண்ணத்தக்க பெருங்கவிஞர் ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்தார். வைணவக் குடியிலே பிறந்து, கம்பன் கவியிலே வளர்ந்து, கிறிஸ்தவ நெறியிலே நின்று காப்பியம் பாடிய எச். ஏ. கிருஷ்ண பிள்ளையே அக்கவிஞர். அவரைக் கிறிஸ்தவக் கம்பர் என்று தமிழுலகம் போற்றுகின்றது.

பிறப்பும் கல்வியும்

திருநெல்வேலிக்கு அருகே கரையிருப்பு என்பது ஒரு சிற்றூர். அவ்வூரிலே வாழ்ந்த வேளாளர் குலத்தவராகிய சங்கரநாராயண பிள்ளைக்கும் தெய்வநாயகி அம்மையாருக்கும் 1827ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 23ஆம் நாள் ஓர் ஆண்மகவு பிறந்தது. அதற்குக் கிருஷ்ணன் என்று பெயரிட்டனர். தந்தையின் பெயர் சங்கரன்கோயில் இறைவனின் திருப்பெயர். மகனின் பெயர் திருமாலின் திருப்பெயர். பெயர்களே அக்குடும்பத்தின் பக்தியை எடுத்துக்காட்டும் அல்லவா?

தந்தையார் கம்பராமாயணத்திலே பற்றும் பயிற்சியும் உடையவர். ஆதலின், பிள்ளைப் பருவத்திலேயே கம்பனுடைய சொற்களும் சந்தங்களும் கிருஷ்ண பிள்ளையின் செவியிலே புகுந்து உள்ளத்திலே தங்கின. ஆழ்வார்களின் பாசுரங்களும் அவருக்குப் பழக்கமாயின. பின்னர் அவர் பாளையங்கோட்டையிலே திருப்பாற்கடல்நாதன் கவிராயர் என்னும் புலவரை அடுத்து, இலக்கண இலக்கியங்களை முறையாகக் கற்றார்.

அக்காலத்துத் தமிழ்க் கல்வி எளிதிற் கைகூடுவதன்று. அச்சிட்ட நூல்கள் மிகக் குறைவு. மாணவர் ஆசிரியரிடத்திலே இருந்து, ஏட்டுச்சுவடியைப் பார்த்துப் படித்து, பாடல்களை மனப்பாடம் செய்து, பொருளைக் கேட்டுத் தெளிதல் வேண்டும். அவ்வாறு கற்ற கல்வி அறிவிலே மட்டும் நில்லாது நாவிலும் நிற்கும். கிருஷ்ண பிள்ளை பிற்காலத்திலே ஆயிரக்கணக்கான செய்யுட்களைப் பாடியதற்கு இவ்விளமைப் பயிற்சியே அடிப்படையாயிற்று.

சாயர்புரத்தில் தமிழாசிரியர்

நெல்லை நாட்டிலே அக்காலத்தில் கிறிஸ்தவ சங்கத்தார் பல பள்ளிகளை நிறுவிக் கல்வியைப் பரப்பி வந்தனர். அவற்றுள் ஒன்று, இக்காலத்தில் தூத்துக்குடி மாவட்டத்தில் அமைந்துள்ள சாயர்புரத்திலே இருந்தது. திருக்குறளையும் திருவாசகத்தையும் பின்னாளில் ஆங்கிலத்திலே மொழிபெயர்த்த ஜி. யு. போப் ஐயர் தோற்றுவித்த கல்விச்சாலை அது. அங்கே தமிழ் கற்பிக்கத் தக்க புலவர் ஒருவர் தேவைப்பட்டார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை இயற்றிப் பெரும்புகழ் பெற்ற கால்டுவெல் ஐயர், கிருஷ்ண பிள்ளையின் புலமையைக் கண்டு அவரையே அப்பணிக்குத் தேர்ந்தெடுத்தார். 1853ஆம் ஆண்டு கிருஷ்ண பிள்ளை சாயர்புரம் சென்றார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தாறு.

கிறிஸ்தவப் பள்ளியிலே பணி ஏற்றபோதிலும், அவர் தம் வைணவ ஒழுக்கத்திலிருந்து சிறிதும் வழுவவில்லை. தமிழைக் கற்பிப்பது தம் கடமை என்றும், சமயம் தம் சொந்த உடைமை என்றும் அவர் கருதினார். பள்ளியின் தலைவர்களும் அவருடைய தமிழையே மதித்தனர். சாதியாலும் சமயத்தாலும் வேறுபட்டோர் ஒரே இடத்திலே கூடித் தமிழ் வளர்த்த காட்சியை அந்நாளில் சாயர்புரத்திலே காணலாம்.

உள்ளத்திலே எழுந்த போர்

ஆயினும், மனிதனுடைய உள்ளம் ஒரே நிலையில் என்றும் நிற்பதில்லை. கிருஷ்ண பிள்ளையின் உள்ளத்திலே மெல்ல மெல்ல ஒரு வினா எழுந்தது. பாவத்தினால் நொந்த மனிதனுக்கு மீட்பு எங்ஙனம் கிடைக்கும் என்பதே அவ்வினா. அவருடைய நண்பர் தனகோடி ராஜு என்பவர் அவருக்கு முன்னரே கிறிஸ்தவ நெறியைத் தழுவியவர். அவருடைய உரையாடல்களும், அவர் அளித்த நூல்களும் கிருஷ்ண பிள்ளையின் சிந்தனையைத் தூண்டின. உடன்பிறந்தவராகிய முத்தையா பிள்ளையும் அந்நெறியை நாடினார்.

தமக்கென வாழாது பிறர்க்காகத் துன்புற்று, குற்றமற்றவராயிருந்தும் சிலுவையிலே உயிர்விட்ட ஏசுநாதருடைய வரலாறு கிருஷ்ண பிள்ளையின் நெஞ்சைக் கவர்ந்தது. அடியாரைத் தேடி ஆண்டவன் இறங்கி வருகின்றான் என்னும் கருத்து அவருக்குப் புதியதன்று. ஆழ்வார்களின் பாசுரங்களிலே அவர் அதனைக் கற்றிருந்தார். இறங்கி வந்த இறைவன் மனிதனுடைய நோவையும் சாவையும் தானே ஏற்றுக்கொண்டான் என்னும் செய்தியே அவரை உருக்கியது.

உள்ளம் உருகினாலும், அடி எடுத்து வைப்பது எளிதாயிருக்கவில்லை. அக்காலத்திலே ஒருவர் சமயம் மாறினால், அவர் இழப்பது மிகப் பெரிது. ஊரார் ஒதுக்குவர், உறவினர் உண்கலத்தையும் பகிரார், திருமணத்திலும் துக்கத்திலும் தனித்து நிற்க நேரும். சமயம் மாறியோர் தம் சொத்துரிமையை இழத்தல் கூடாது என்று 1850ஆம் ஆண்டில் அரசாங்கத்தார் ஒரு சட்டம் இயற்றினர். அச்சட்டம் நிலத்தையும் பொருளையும் காக்கக்கூடும். அன்பையும் உறவையும் காத்தல் அதற்கு இயலுமோ? இதனையெல்லாம் கிருஷ்ண பிள்ளை அறிந்திருந்தார். அறிந்தமையாலேயே அவர் நெடுநாள் தயங்கினார். தம்மோடு தாமே போராடினார்.

இறுதியில், மனத்திலே உண்மை என்று கண்டதை வாழ்விலே மறைத்தல் தகாது என்று துணிந்தார். 1858ஆம் ஆண்டில் சென்னைக்குச் சென்று, மயிலாப்பூரிலே ஞானஸ்நானம் பெற்றார். அப்பொழுது அவருக்கு ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயர் வழங்கப்பெற்றது. அப்பெயரின் முதலெழுத்துக்களே எச். ஏ. என்பன. ஆனால், பெற்றோர் இட்ட கிருஷ்ணன் என்னும் பெயரை அவர் களைந்துவிடவில்லை. புதிய பெயரை முன்னே வைத்து, பழைய பெயரையும் உடன் வைத்துக்கொண்டார். அவருடைய வாழ்வும் அவ்வாறே அமைந்தது. நம்பிக்கை புதிதாயிற்று, அதனை எடுத்துரைக்கும் மொழியும், பாவும், பணிவும் பழந்தமிழ் மரபிலேயே நிலைத்தன. தாம் மனம் மாறிய வரலாற்றைப் பிற்காலத்திலே அவர் தாமே எழுதி வைத்தார்.

பணிகள்

சென்னையிலே தங்கியிருந்த காலத்தில், பெர்சிவல் பாதிரியார் நடத்திய தினவர்த்தமானி என்னும் பத்திரிகையிலே அவர் துணையாசிரியராகப் பணியாற்றினார். அதனால் பழைய செய்யுள் நடையிலே பயின்றிருந்த அவருக்கு, யாவர்க்கும் விளங்கும் உரைநடையிலும் பழக்கம் உண்டாயிற்று. பின்னர் அவர் நெல்லை நாட்டிற்குத் திரும்பினார். சாயர்புரத்திலும் பாளையங்கோட்டையிலும் தமிழாசிரியராக விளங்கினார். அதன்பின் திருவனந்தபுரத்திலே மகாராஜா கல்லூரியிலும் தமிழ் கற்பித்தார்.

ஆசிரியப் பணியே அவர் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொண்டது. மாணவர்க்குப் பயன்படுமாறு இலக்கண சூடாமணி என்னும் நூலை எழுதினார். பழந்தமிழ் நூல்களிலிருந்து சிறந்த பாடல்களைத் தொகுத்து, காவிய தர்ம சங்கிரகம் என்னும் பெயரால் வெளியிட்டார். தாம் புதிய நெறியை ஏற்றபின்னும், முன்னோர் நூல்களை மாணவர் கற்றல் வேண்டும் என்று அவர் கருதியதற்கு இத்தொகுப்பு நூலே சான்றாகும். தாய்மொழிச் செல்வம் எல்லாச் சமயத்தார்க்கும் பொதுச் செல்வம் என்பதை அவர் செயலிலே காட்டினார்.

சிறையிலே மலர்ந்த கதை

கிருஷ்ண பிள்ளையின் பெருநூலைப் பற்றி அறியுமுன், ஆங்கில நாட்டு எழுத்தாளர் ஒருவரைப் பற்றி நாம் சிறிது அறிதல் வேண்டும். ஜான் பனியன் என்பவர் 1628ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே பெட்போர்டு நகருக்கு அருகே பிறந்தார். ஓட்டைப் பாத்திரங்களைச் செப்பனிடுவது அவருடைய குடும்பத்தொழில். அவர் கற்ற பள்ளிக் கல்வி மிகச் சிறிது. ஆனால் விவிலிய நூலிலே அவருக்கு ஆழ்ந்த பயிற்சி இருந்தது. அரசாங்கத்தின் ஒப்புதலின்றிச் சமயப் பிரசங்கம் செய்தார் என்னும் குற்றத்திற்காக, 1660ஆம் ஆண்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் அவரைச் சிறையிலே அடைத்தனர். இனிப் பிரசங்கம் செய்வதில்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் வீடு திரும்பியிருக்கலாம். அச்சொல்லை அவர் சொல்லவில்லை. சிறை வாழ்விலே முளைத்த அவருடைய கதைநூல் 1678ஆம் ஆண்டில் வெளிவந்தது. உலகத்திலே இருநூறுக்கு மேற்பட்ட மொழிகளிலே அது பெயர்க்கப்பட்டுள்ளது.

அக்கதையின் சுருக்கம் இதுவே: அழியப்போகும் நகரத்திலே வாழ்ந்த ஒருவன் தன் முதுகின்மேல் பெரிய சுமை ஒன்று அழுத்துவதை உணர்கின்றான். அச்சுமை அவன் செய்த பாவம். அதனை இறக்க வழிதேடி, அழியாத நகரத்தை நோக்கி அவன் புறப்படுகின்றான். இடைவழியிலே சேற்றிலே விழுகின்றான். சிலுவையின் அடியை அடைந்தபோது அவனுடைய சுமை தானே கழன்று உருண்டோடுகின்றது. பின்னர் அவன் செங்குத்தான குன்றிலே ஏறுகின்றான். தாழ்மை என்னும் பள்ளத்தாக்கிலே இறங்கிப் பகைவனோடு போர்புரிகின்றான். பகட்டுப் பொருள்கள் விற்கும் சந்தையிலே தன் தோழனை இழக்கின்றான். ஐயம் என்னும் கோட்டையிலே சிறைப்பட்டு, வாக்குறுதி என்னும் திறவுகோலால் வெளியேறுகின்றான். இறுதியிலே சாவு என்னும் ஆற்றைக் கடந்து அழியாத நகரத்தை அடைகின்றான்.

மாந்தரின் குணங்களையும் மனநிலைகளையும் ஆட்களாகவும் ஊர்களாகவும் மலைகளாகவும் உருவகித்துக் கூறுவதால் இதனை உருவகக் கதை என்பர். தாமும் அத்தகைய ஒரு நெடும்பயணத்தை உள்ளத்திலே மேற்கொண்டவராதலின், கிருஷ்ண பிள்ளைக்கு இக்கதை அயல்நாட்டுக் கதையாகத் தோன்றவில்லை. தம்முடைய கதையாகவே தோன்றியது.

இரட்சணிய யாத்திரிகம்

பனியன் உரைநடையிலே எழுதிய கதையைத் தழுவி, கிருஷ்ண பிள்ளை தமிழிலே பெருங்காப்பியம் ஒன்று இயற்றினார். இரட்சணிய யாத்திரிகம் என்பது அதன் பெயர். இரட்சணியம் என்பது மீட்பு. யாத்திரிகம் என்பது பயணம். எனவே, மீட்பை நாடிச் செல்லும் பயணம் என்பது அப்பெயரின் பொருளாகும். ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களை உடையது அந்நூல். மூவாயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்டது.

இந்நூல் ஒருநாளிலோ ஓராண்டிலோ முடிந்ததன்று. பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த நற்போதகம் என்னும் மாத இதழிலே பதின்மூன்று ஆண்டுகள் இது தொடர்ந்து வெளிவந்தது. பகலிலே மாணவர்க்குப் பாடம் சொல்லும் ஆசிரியர் ஒருவர், இத்துணை ஆண்டுகள் சோர்வின்றி ஒரே பணியிலே ஈடுபட்டார் என்பதை எண்ணும்போது வியப்பு உண்டாகின்றது. பின்னர் 1894ஆம் ஆண்டு மே திங்களில் இக்காப்பியம் நூல்வடிவிலே வெளிவந்தது. அப்பொழுது ஆசிரியருக்கு வயது அறுபத்தேழு.

இது வெறும் மொழிபெயர்ப்பு அன்று. பனியனின் கதையிலே ஏசுநாதருடைய வரலாறு தனியே விரித்துரைக்கப்படவில்லை. கிருஷ்ண பிள்ளையோ, இரட்சணிய சரிதப் படலம் என்னும் பகுதியிலே, ஏசுநாதர் பட்ட பாடுகளை உருக்கமாக விரித்துப் பாடினார். பகைவர் இகழ்ந்தும் அடித்தும் துன்புறுத்தியபோது, அப்பெருமான் மறுத்துப் பேசாமல் பொறுத்து நின்ற நிலையை அவர் காட்டும்போது, கற்போர் உள்ளம் கசியும். காட்டிற்குச் செல்லும் இராமனைக் கண்டு அயோத்தி மக்கள் கலங்கியதைக் கம்பரிடத்திலே கற்றவர் அல்லவா அவர்? துன்பத்தைப் பாடும் திறம் அவருக்குக் கம்பர் அளித்த கொடையாகும்.

கம்பரைப் போலவே விருத்தப்பாக்களிலே சந்த வேறுபாடுகளை அமைத்து, இடத்திற்கேற்ற ஓசையோடு அவர் பாடினார். கதையின் இடையிடையே தேவாரம் என்னும் பெயரால் இசைப்பாடல்களையும் சேர்த்தார். நெடுவழி செல்வோர் இளைப்பாறும்போது பாடுவது போல, அப்பாடல்கள் அமைந்துள்ளன. கதையைக் கற்போரும் அங்கே சிறிது நின்று, இறைவனை வாழ்த்திவிட்டு மேலே செல்கின்றனர்.

அவருக்கு முன்னரும் தமிழிலே கிறிஸ்தவக் காப்பியம் இருந்தது. இத்தாலி நாட்டிலிருந்து வந்த வீரமாமுனிவர் சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு, 3,615 பாடல்களில் தேம்பாவணி என்னும் காப்பியத்தை இயற்றினார். அயல்நாட்டார் ஒருவர் தமிழ் கற்றுப் பாடிய நூல் அது. தமிழ்மண்ணிலே பிறந்த ஒருவர் அயல்நாட்டுக் கதையைத் தமிழாக்கிக்கொண்ட நூல் இரட்சணிய யாத்திரிகம். வீரமாமுனிவர் தமிழை நோக்கி வந்தார். கிருஷ்ண பிள்ளை தமிழிலே நின்றுகொண்டு உலகத்தை வரவேற்றார். இவ்விருவர் பணியாலும் நம் மொழி வளம்பெற்றது.

இரட்சணிய மனோகரம்

காப்பியத்தைப் பாடி முடித்ததோடு அவருடைய நா ஓயவில்லை. 1899ஆம் ஆண்டில் இரட்சணிய மனோகரம் என்னும் துதிப்பாடல் நூல் வெளிவந்தது. காப்பியத்திலே புலவராக விளங்கும் கிருஷ்ண பிள்ளை, இந்நூலிலே அடியாராக நம் முன்னே நிற்கின்றார்.

அவர் பாடிய துதிப்பாடல்களுள் ஒன்று தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ ஆலயங்களிலே இன்றும் பாடப்பெற்று வருகின்றது. சுந்தரமூர்த்தி நாயனார் திருமழபாடியிலே பாடிய பதிகத்தின் ஓசையை அப்பாடலிலே நாம் கேட்கலாம். உள்ளதாகிய பொருள், வடிவம் கடந்த பொருள், தனக்கு ஒப்பில்லாத பொருள் என்று சைவ நூல்களிலே பயின்ற சொற்களாலேயே அவர் இறைவனைப் போற்றுகின்றார். பிறவியைக் கடலாகவும், அதிலே மூழ்கித் தவிப்போராக நம்மையும், கரைசேர்ப்பவனாக இறைவனையும் காண்கின்றார். தாயும் தந்தையும் சுற்றமும் குருவும் செல்வமும் நட்பும் தமக்கு அவனே என்கின்றார். உறவு முறையாலே அமைந்த பழைய வாழ்வைத் துறந்த ஒருவர் இவ்வாறு பாடும்போது, அச்சொற்கள் ஏட்டுச் சொற்களாக இல்லாமல் பட்டறிந்த சொற்களாக ஒலிக்கின்றன.

ஆலயத்திலே அப்பாடலைப் பாடுவோர் பலர் அதன் ஆசிரியர் பெயரை அறியார். சுந்தரர் பதிகத்தின் ஓசை அதிலே கலந்திருப்பதையும் அறியார். ஆயினும் பாடுகின்றனர்; பாடி மனம் தேறுகின்றனர். தம் பெயர் மறைந்து தம் பாட்டு நிலைப்பதைக் காட்டிலும் ஒரு பக்திக் கவிஞருக்கு வேறு பேறு என்ன வேண்டும்?

பணிவே பாட்டு

கிருஷ்ண பிள்ளையின் பாடல்களிலே ஊடுருவி நிற்கும் பண்பு பணிவாகும். நிறைந்த புலமை உடையவர் அவர். ஆயினும் இறைவன் திருமுன்னே தம்மைத் தகுதியற்றவராகவே கருதினார். நாம் செய்த நன்மையைக் காட்டி இறைவனிடம் கூலி கேட்பது வழிபாடு அன்று. நம் குறையை ஒப்புக்கொண்டு அவன் அருளை நன்றியோடு ஏற்பதே வழிபாடு என்னும் கருத்து அவர் பாடல்களிலே மீண்டும் மீண்டும் வருகின்றது.

பணிவு என்பது கோழைத்தன்மை அன்று. உறவும் ஊரும் எதிர்ப்பினும் மனச்சான்றின் வழியே நிற்பதற்குப் பெருந்துணிவு வேண்டும். அத்துணிவு அவரிடத்திலே இருந்தது. துணிவு உடையவர் பலர் செருக்கும் உடையவராதல் உண்டு. தாம் விட்டு வந்ததை இகழ்தலும், தாம் அடைந்ததைப் பறைசாற்றுதலும் அத்தகையோர் இயல்பு. சமயக் கருத்திலே தாம் கொண்ட முடிவைக் கிருஷ்ண பிள்ளை மறைக்கவில்லை. அதனை நிறுவுவதற்கு இரட்சணிய சமய நிர்ணயம் என்னும் நூலையும் இயற்றினார். ஆனால் கம்பரையும் ஆழ்வார்களையும் நாயன்மாரையும் தமக்குத் தமிழ் தந்த ஆசிரியராக என்றும் மதித்தார். அவர்கள் பாடிய பண்ணிலே தம் ஆண்டவனைப் பாடினார். கற்பித்தவரை மறவாமையும் பணிவின் ஒரு பகுதியே அன்றோ?

பனியனின் கதையிலே தாழ்மை என்னும் பள்ளத்தாக்கு ஒன்று வருவதை மேலே கண்டோம். மலையிலே ஏறுவது கடினம். ஆனால் அப்பள்ளத்தாக்கிலே வழுக்காமல் இறங்குவது அதனினும் கடினம் என்று அக்கதை காட்டுகின்றது. வேங்கடத்திலே படியாய்க் கிடக்க விரும்பிய குலசேகர ஆழ்வாரின் பாசுரங்களை இளமையிலே கேட்டு வளர்ந்தவருக்கு அப்பள்ளத்தாக்கு புதிய இடம் அன்று. இங்கிலாந்துச் சிறையிலே பனியன் கண்ட உண்மையும், சேர நாட்டு அரண்மனையிலே குலசேகரர் கண்ட உண்மையும் நெல்லைப் புலவர் ஒருவரின் நெஞ்சிலே ஒன்றுகூடின.

முடிவும் புகழும்

இரட்சணிய மனோகரம் வெளிவந்த மறு ஆண்டிலே, 1900ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 3ஆம் நாள், கிருஷ்ண பிள்ளை தம் உலகப் பயணத்தை முடித்துக்கொண்டார். அப்பொழுது அவருக்கு வயது எழுபத்திரண்டு. சாயர்புரத்தில் கல்விச்சாலை தோற்றுவித்த போப் ஐயரின் திருவாசக மொழிபெயர்ப்பு வெளிவந்ததும் அதே 1900ஆம் ஆண்டிலேயாகும். ஆங்கில நாட்டுக் கிறிஸ்தவர் ஒருவர் மாணிக்கவாசகரின் உருக்கத்தைத் தம் மொழியிலே பெயர்த்தார். தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர் ஒருவர் ஆங்கிலக் கதையைத் தம் மொழியிலே காப்பியமாக்கினார். ஒரே கல்விச்சாலையோடு தொடர்புடைய இருவர் இருதிசையிலும் பாலம் அமைத்தனர் என்பதை நினைந்து நாம் மகிழலாம்.

கிருஷ்ண பிள்ளையின் பாடல்கள் தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களிலே இடம்பெற்றுள்ளன. வேறு வேறு சமயத்தைச் சார்ந்த மாணவர்கள் அருகருகே அமர்ந்து அவற்றைப் படிக்கின்றனர். கிறிஸ்தவ மாணவன் அவற்றிலே தன் ஆண்டவனைக் காண்கின்றான். வைணவ மாணவன் அவற்றிலே கம்பனின் குரலைக் கேட்கின்றான். தேவாரம் அறிந்த மாணவனுக்கு அவற்றின் ஓசை பழகிய ஓசையாயிருக்கின்றது. வழிபடும் பெயர் வேறாயினும், வணங்கிய தலையும் கசிந்த கண்ணும் நன்றியுள்ள நாவும் எங்கும் ஒன்றே என்பதை அப்பாடல்கள் யாவர்க்கும் உணர்த்துகின்றன.

உண்மை என்று கண்டதைத் துணிவோடு பற்றுதல், பெற்ற கல்வியை நன்றியோடு போற்றுதல், எடுத்த பணியை ஆண்டுக்கணக்கிலே சோர்வின்றிச் செய்தல், எல்லாப் புகழையும் இறைவனுக்கே உரித்தாக்கித் தாம் தாழ்ந்து நிற்றல் ஆகிய இவையே கிருஷ்ண பிள்ளையின் வாழ்வு நமக்குக் காட்டும் நெறிகள். பொருநை நதி பாயும் நாட்டிலே தோன்றிய அக்கவிஞரின் புகழ், தமிழ் உள்ளவரை நின்று நிலவும்.